முள்ளுவாளைச் சம்பந்தம்

பேராசிரியர் பழனிவேல் அன்றைக்குக் கடலூருக்குக் கிளம்பியது ஒரு கல்யாணத்தைக் கெடுக்க. அதுவும் அடுத்தவன் வீட்டுக் கல்யாணம் இல்லை, பெற்ற மகனுடையது. கெடுக்கப் போகிறேன் என்று எவன் சொல்லிக்கொண்டு போவான்? "சும்மா பாத்துட்டுப் பேசிட்டு வரலாம்டா" என்றார். அந்தப் பிள்ளை அருண்பாண்டியன் அதை நம்பிக் காரைக் கழுவித் துடைத்து, அப்பா உட்காரும் சீட்டில் புதுத் துண்டு விரித்து வைத்தான்.

பழனிவேல் சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவர். அவருடைய அறையில் கண்ணாடி அலமாரி நிறையத் தவளை, புறா, முயல் என்று எலும்புக்கூடுகள் வரிசையாக நிற்கும். பிராணிகளின் அகச்சட்டகம், அதாவது உடம்புக்குள்ளே இருக்கிற எலும்புக்கூடு, அவருக்குப் பிடித்த பாடம். வருஷா வருஷம் ஒரே வசனம்தான். "நண்டைப் பாருங்க, அதுக்கு எல்லாம் வெளிய கெடக்கு. நாம உசந்த ஜாதி. நமக்கு உள்ள இருக்கு. வெளிய தெரியாது." பிள்ளைகள் சிரிப்பார்கள். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறதே, சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

பெண்ணின் பெயர் சகாய பிரியா. கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் பெண், சிதம்பரத்தில் ஒரு பேங்கில் வேலை. அதே கட்டடத்தின் மாடியில் இன்சூரன்ஸ் ஆபீசில் அருண்பாண்டியன். கீழே இருந்த டீக்கடையில் ஆரம்பித்தது, கல்யாணம் பண்ணிக்கொள்வது என்கிற இடத்துக்கு வந்து நின்றது. மேடை கிடைத்தால் சாதி ஒழிய வேண்டும் என்று அரைமணி பேசுகிற பழனிவேல், மகன் விஷயத்தைச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"கிறிஸ்டியன், சரி. அதுக்கு முன்னாடி என்னா ஆளுங்க?"

"தெரியாதுப்பா. கேக்கல."

"கேக்கலையா? ஒரு வருசமா உக்காந்து டீ குடிச்சிருக்க, இதக் கூடக் கேக்கலையா?"

பிறகு அவரே நாலு பேருக்குப் போன் போட்டு மறைமுகமாக விசாரித்துப் பார்த்தார். ஒருத்தருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்து தொலைத்திருந்தாலாவது மனசு ஒரு பக்கம் ஆறியிருக்கும். தெரியாமல் போனதுதான் அவரைப் போட்டு வதைத்தது. ஆனால் இதை வாய்விட்டுச் சொல்லி மறுக்க முடியுமா? ஊரில் பெயர் இருக்கிறது, மேடை இருக்கிறது. கௌரவமான காரணம் ஒன்று வேண்டும். அதற்கு அவர் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டார்.

அமராவதி ஒரு தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்தவள், உயிரைக் கொன்று தின்பதில்லை என்று அன்றோடு மீனையும் கறியையும் விட்டுவிட்டாள். பேச்சில்லை, பிரசங்கமில்லை. மாதப் பூசத்துக்கு வடலூர் போவாள், தருமசாலையில் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். அவள் பாட்டுக்கு விட்டாள். பழனிவேலோ அதைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டு, "எங்களுடையது ஜீவகாருண்யக் குடும்பம்" என்று ஆண்டு விழாவில் மைக் பிடித்துச் சொன்னார். கைதட்டல் விழுந்தது. விழுந்தது கைதட்டல் மட்டுமா? சிதம்பரத்தில் எந்த மெஸ்ஸில் நுழைந்தாலும் கல்லாவில் ஒரு பழைய மாணவன், பரிமாற ஒரு பழைய மாணவன். "சார் சைவம்" என்று அவன்களே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்கள். மனுஷன் மீனைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே, ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு மார்க்கெட்டைச் சுற்றி வருவார்.

இந்தச் சைவத்தைத்தான் பெண்ணின் அப்பா ஜோசப்ராஜுக்குப் போன் போட்டு நீட்டினார். "எங்க வூட்டுல மீன் வாசனையே ஆகாது சார். உங்க பொண்ணு கடலோரத்துப் பொண்ணு. யோசிங்க."

துறைமுகத்தில் போட் இன்ஜின் ரிப்பேர் செய்கிற ஜோசப்ராஜ் யோசித்து, மகளைக் கேட்டு, மறுநாளே கூப்பிட்டார். "பிரியா விட்டுடுறேன்னு சொல்லிடுச்சு சார். ஒரு மனஸ்தாபமும் இல்லாமத்தான் சொல்லுச்சு."

அட கஷ்டமே! பழனிவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனி நேரில் போய்த்தான் முடிக்க வேண்டும். "பிள்ளை இப்ப ஆசையில சொல்லுது, அந்தப் பாவம் நமக்கு எதுக்கு" என்று நயமாகக் கழற்றிவிடுவது என்று திட்டம். அமராவதி கூட இருந்தால் வேலை நடக்காது. அதனால் அவள் வடலூருக்குப் போகிற பூச நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டார். அதோடு ஒரு எச்சரிக்கையும் மனசில் போட்டுக்கொண்டார்: அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெண் வீட்டில் காப்பி, தண்ணி வரைக்கும் பாதகமில்லை. சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, சம்மதம் என்று அர்த்தம்.

ஓ.டி.யில் ஜோசப்ராஜ் வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. உள்ளே மாதா படத்துக்குப் புதுப் பூ. மேஜை மேல் தலைவாழை இலை. ஜோசப்ராஜின் மனைவி சவரிமேரி கை இரண்டையும் கோத்துக்கொண்டு நின்றாள்.

"சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், வெண்டிக்காப் பச்சடி. எல்லாம் புதுப் பாத்திரம் சார். மீன் ஆக்குன சட்டி ஒண்ணு கூடப் படல."

"இன்னைக்குப் பூசம். ஒருபொழுது" என்றார் பழனிவேல். "ஒரு வாய் தண்ணி போதும்."

அவ்வளவுதான், வீட்டில் யாருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. கை நனைக்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் புரிந்தது. சவரிமேரி இலையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். கதவோரம் நின்ற பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அருண்பாண்டியன் அப்பாவைப் பார்த்த பார்வையைப் பெற்றவன் பார்த்திருந்தால் வயிறு எரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. அவருடைய மூக்கு வேறு ஒரு இடத்தில் இருந்தது.

"சார் ஏதோ பேசணும்னு சொன்னீங்க" என்றார் ஜோசப்ராஜ்.

"ஆங், பேசலாம்" என்றார். "அது என்னா வாசன?"

சவரிமேரி பதறிப்போனாள். "ஐயோ, வருதா சார்? ஒர்க்‌ஷாப் ஆளுங்களுக்கு ஆக்குனது. அடுப்படிக் கதவச் சாத்தித்தான் வச்சேன். ஜன்னலத் தொறந்து வுடட்டுமா?"

"வேணாம், வேணாம்." பழனிவேல் கண்ணை மூடி ஒரு தரம் இழுத்தார். புளி, பூண்டு, நசுக்கிய மிளகு, அதற்கடியில் அந்த எண்ணெய் மணம். "முள்ளுவாளைதான?"

"ஆமா சார்!" ஜோசப்ராஜ் அசந்துபோனார். "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"சப்ஜெக்ட்டாச்சே." பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடம் ஆரம்பமாகிவிட்டது. "இந்த மீனு சாதாரண மீனு இல்ல. எல்லா மீனுக்கும் நடு முள்ளு இருக்கும், விலா இருக்கும். இதுக்கு அது போக, சதைக்குள்ளயே முள்ளு இருக்கு. முதுகெலும்போட ஒட்டாது. சதை மடிப்புல தனித்தனியா மெதக்கும். கவட்ட மாதிரி இருக்கும். இதப் பச்சையில பிரிச்செடுக்க ஏலாது. சதை வெந்தாத்தான் கழலும்." கொஞ்சம் நிறுத்தினார். நாக்கில் எச்சில் ஊறியது. "ஒரு துண்டு கொண்டாங்க, காட்டுறேன். பசங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

ஒரு கிண்ணத்தில் ஒரு துண்டு வந்தது. பேராசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, துண்டை இலையில் வைத்துப் பிரித்தார். முதல் முள்ளை உருவி வெளிச்சத்தில் காட்டினார். எல்லாரும் பார்த்தார்கள். சதை ஒரு குவியலாக இலையில் கிடந்தது. குழம்பில் ஊறிச் சிவந்து கிடந்தது, சனியன்.

"இப்ப இந்தச் சதைய என்னா பண்றது? கீழ போட்டா ஒரு உசுரு வீணாப் போன பாவம்" என்று சொல்லிக்கொண்டே அதை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆஹா! அவர் அம்மா சத்தியமாக, அந்த ஒரு வாய்க்கு முன்னால் சாதியும் இல்லை, மதமும் இல்லை, ஆண்டு விழா மேடையும் இல்லை. மனசாட்சி என்று ஒன்று மிச்சமிருந்து முனகியது: கை நனைக்கிறியே? அதற்கு மூளை உடனே பதில் வைத்திருந்தது. இவர்கள் வேதக்காரர்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, சாமியார் வைத்துக் கல்யாணம் பண்ணுகிறவர்களுக்குக் கை நனைக்கிற வழக்கமெல்லாம் ஏது? சர்ச்சுக்குப் போகிற ஜனங்கள் இதை எங்கே கண்டார்கள்? படித்த முட்டாளுக்கு மட்டும் தோன்றுகிற யோசனை அது. ஞானஸ்நானம் வாங்கினால் வழக்கமும் சேர்ந்து கழுவிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தார். வளைகாப்பும் தாய்மாமன் சீரும் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் தவறியதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

"வால் பக்கம் இன்னும் வித்தியாசமா இருக்கும்" என்றார். வால் பக்கம் வந்தது. "நடுத்துண்டையும் பாத்துடலாம்" என்றார். நடுத்துண்டும் வந்தது. "வெறும் மீன எப்படி சார்" என்று சவரிமேரி இரண்டு கரண்டிச் சோற்றை இலையில் வைத்தாள். வைத்துவிட்டு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் அந்தச் சோற்றைக் குழம்பில் பிசைந்து உருட்டி வாயில் போட்டார். பாடம் எப்போதோ நின்றுபோயிருந்தது. வாய் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

சவரிமேரி மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு அழுதுவிட்டாள்.

ஜோசப்ராஜ் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். "கை நனைச்சிட்டீங்க. இது போதும் சம்பந்தி!"

சம்பந்தியா! பழனிவேல் "அய்யய்யோ, அது இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தார். வாயில் இருந்தது பாதி மென்ற நடுத்துண்டு. சொல் வெளியே வருவதற்குள் அது உள்ளே போனது. முள்ளோடு போனது. போனது நேராகப் போயிருந்தால் கதையே வேறு. கவட்டை முள், தொண்டையில் குறுக்கே போய் நன்றாகக் குத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நடத்திய முள்! "ஹ்க்" என்ற சத்தம் தவிர அவரிடமிருந்து வேறு எதுவும் வரவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். "போதுமா சம்பந்தி? சரி, சரி, இனிமே வைக்கல" என்று சவரிமேரி சட்டியை உள்ளே கொண்டுபோனாள். பழனிவேலின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து ஜோசப்ராஜுக்கும் கொட்டியது. பழனிவேல் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"தெரியுது சம்பந்தி, தெரியுது" என்றார் ஜோசப்ராஜ், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "எனக்கும் தொண்டைய அடைக்குது."

அருண்பாண்டியன் தடாலென்று அப்பாவின் காலில் விழுந்தான். "அப்பா, நீங்க வேணாம்னு சொல்லத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன்பா. என்ன மன்னிச்சிடுங்க." காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் விசும்பினான். பழனிவேலுக்கு மகனை எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது. அந்த வலியிலும் எங்கோ ஒரு மூலையில் வெட்கமாகவும் இருந்தது. எது பெரியது என்று அவருக்கே தெரியவில்லை.

முதலில் கண்டுபிடித்தது பிரியாதான். "அப்பா! அவரு அழுவல, முள்ளு மாட்டிருக்கு!"

அப்புறம் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார்கள். வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கச் சொன்னார்கள். முள் அசையவில்லை. தொண்டைக்கென்றே ஒரு புனிதர் இருப்பதாகவும், பிப்ரவரி மாசம் கோயிலில் மெழுகுவத்தி வைத்துச் சாமியார் ஆசீர்வதிப்பார் என்றும் சவரிமேரிக்கு ஞாபகம் வந்தது. உடனே இரண்டு மெழுகுவத்தியைப் பெருக்கல் குறியாகச் சேர்த்து அவர் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னாள். மதம் வேறு, ஒத்துவராது என்று சொல்ல வந்த மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நன்றாக நீட்டிக் கொடுத்தார். புனிதர் அன்றைக்கு வேறு அலுவலாக இருந்தாரோ என்னவோ. காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வழியிலேயே அருண்பாண்டியன் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டான். வேண்டாம் என்று பழனிவேல் பின் சீட்டிலிருந்து கையை ஆட்டியது அவன் கண்ணில் படவில்லை.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, டாக்டரம்மா வந்து, மருந்து பீய்ச்சி, வாய்க்குள் விளக்கடித்து, நீண்ட இடுக்கியை விட்டு முள்ளை எடுப்பதற்குள் வடலூரிலிருந்து பஸ் பிடித்த அமராவதி வந்துவிட்டாள். நெற்றியில் திருநீறு, கையில் துணிப்பை. கதவைத் திறந்து அவள் உள்ளே வரவும், டாக்டரம்மா முள்ளைப் பஞ்சில் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கவும் சரியாக இருந்தது.

"அடேங்கப்பா. என்னா மீனு சார் இது?"

"முள்ளுவாளை" என்றார் பேராசிரியர்.

தொண்டை திறந்து வந்த முதல் சொல் அது. கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகிப்போன வாய், என்ன செய்யும்? திரும்பிப் பார்த்தார். அமராவதி அவரைப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் மனைவியை ஓரமாகக் கூட்டிப்போனார். குரல் கரகரத்தது. "அமராவதி, இது ஒத்துவராது. நம்மளது சைவக் குடும்பம்..." அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அந்த வாக்கியம் அங்கேயே செத்தது. வேறு வழியில்லாமல் உள்ளே இருந்ததை எடுத்து வெளியே போட்டார். "ஆளுங்க யாருன்னே தெரியல."

"யாருன்னு தெரியாதவங்க சோறுதான் இம்மாம் நேரம் தின்னீங்களா?"

"அது பாடம் காட்டுறதுக்காக..."

"பொய் சொல்லாதீங்க, தொண்ட ரணமா இருக்கு." அவள் சத்தம் போடவில்லை. "அந்தப் பொண்ணு நம்ம வூட்டுக்காக மீன விடுறேன்னுச்சாம். அருணு சொன்னான். நீங்க மீனையும் தின்னுட்டு, பொண்ணையும் வேணாம்னுட்டு ஏப்பம் வுட்டுக்கிட்டுப் போலாம்னு வந்தீங்க. உசுரக் கொல்லக் கூடாதுன்னு நான் வுட்டது அது. என் புள்ள உசுர எடுக்க அத எடுத்தாந்திருக்கீங்க பாருங்க. வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நாலு அடி தள்ளிச் சவரிமேரி, குற்றம் செய்தவள் மாதிரி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அமராவதி நேரே அவளிடம் போனாள்.

"இவருக்குன்னு சாம்பார் வச்சீங்களாமே. மிச்சம் இருக்கா? காலையிலிருந்து வயித்துல ஒண்ணுமில்ல. பசிக்குது."

சவரிமேரி முந்தானையை விட்டாள். "அப்படியே இருக்கு. தொடவே இல்ல" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடியும் அதே வீடு, அதே மேஜை, புது இலை. அமராவதி உட்கார்ந்து, பேச்சுக் கொடுக்காமல், சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். உருளைக்கிழங்கை இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் பழனிவேலுக்கு ஆறின பால். ரெண்டு நாளைக்குக் கெட்டியாக எதுவும் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். பிரியா ஒரு சின்ன மருந்து பாட்டிலை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே அந்த முள்.

"டாக்டர்ட்ட கேட்டு வாங்கியாந்தேன். உங்க காலேஜ் அலமாரிக்கு ஆவும்ல, மாமா."

கிண்டலா, மரியாதையா என்று அவர் அந்தப் பெண்ணின் முகத்தில் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. அமராவதி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிரியா, நீ எதையும் வுட வேணாம். நம்ம வூட்டுல உனக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. புடிச்சத ஆக்கிச் சாப்பிடு."

பால் டம்ளர் பாதி வழியில் நின்றது. நம் வீட்டில் மீன் சட்டியா? பேராசிரியரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை ஜோசப்ராஜ் கவனித்தார். நல்ல நேரம் என்று நினைத்துக் கேட்டார். "சம்பந்தி, காலையில ஏதோ பேசணும்னு வந்தீங்க. கடைசி வரைக்கும் சொல்லவே இல்லயே."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அருண்பாண்டியனின் கை பிரியாவின் கையை நோக்கி நகர்ந்து நடுவில் நின்றது. இப்போது குரல் இருந்தது. வேண்டாம் என்று சொல்லலாம். பழனிவேல் எச்சிலை விழுங்கினார். வலித்தது.

"ஒண்ணுமில்ல" என்றார். "அடுத்த வாட்டி நாங்க வர்றப்ப வஞ்சிரமா வைங்க. அதுல நடு முள்ளு மட்டுந்தான்."

ஜோசப்ராஜ் வீடு அதிரச் சிரித்தார். அருண்பாண்டியன் அழுதுகொண்டே சிரித்தான். அமராவதி மட்டும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடைசிப் பருக்கையை வழித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"வைங்க சவரிமேரி. பொண்ணு மாப்பிள்ளைக்கு வைங்க. இவரு ஜீவகாருண்யம், மைக்குலயே சொல்லிருக்காரு. இவருக்குச் சாம்பார் ஊத்துங்க."